வெங்காயத்தோல் முகம்

தீபாவளி முடிந்த மறுநாள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். டீ இடைவேளையில் அதைச் சுற்றி ஒரே கூட்டம். ரோஷன் பீ பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடும்ப விழாவை முன்னிட்டு பயங்கர மாறுவேடப் போட்டி. செக்‌ஷனுக்கு ஒருவர். முதல் பரிசு: ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர்."

ஓசூர் சிப்காட்டில் பம்பு செட்டுக்கு வேண்டிய உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனி அது. புது மிஷின் பூட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்திருந்தார். தங்கள் ஊரில் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி சின்னவர் பெரியவர் எல்லாரும் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்ல, மேனேஜருக்கு அது பிடித்துப்போய்விட்டது. எண்பத்தேழாம் வருஷம் அந்தத் தேதி சனிக்கிழமையில் வந்தது. குடும்ப விழாவும் அன்றைக்குத்தான்.

"பேய்க்குக்கூட ஒரு பண்டிகையா? அந்த ஊர்ல மனுசங்களுக்கு வேலயே இல்லியா?" என்றாள் ஜோதியம்மாள். சொன்னாளே தவிர அவள் கண் குக்கர் என்ற எழுத்தை விட்டு நகரவில்லை.

ஜோதியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். சூளகிரிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், நாலு வருஷமாக இந்தக் கம்பெனியில் வாஷிங்கில் இருக்கிறாள். கடைந்து வரும் புஷ் என்கிற உலோக வளையங்களை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவித் துடைப்பது வேலை. கழுவியது அடுத்த மேஜைக்குப் போகும். அங்கே ரோஷன் பீ உட்கார்ந்திருப்பாள். மைக்ரோமீட்டரில் அளந்து, லென்ஸில் பார்த்து, கீறலோ குழியோ இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துத் தனியே போடுவாள். முடி அகலக் கீறல்கூட அவளிடம் தப்பாது. மிஷின் ஷாப் ஆட்களுக்கு அதனாலேயே அவளைக் கண்டால் ஆகாது. முதுகுக்குப் பின்னால் 'ரிஜெக்ட் ரோஷன்' என்பார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகிவிடும். அவள் கண்டுகொள்ளாதவள் போலத்தான் இருப்பாள். ஆனால் சில நாள் வீட்டுக்கு வந்தபிறகும் சோறு இறங்காது.

இரண்டு பேருக்கும் சூளகிரியில் ஒரே வரிசையில் அடுத்தடுத்த வாடகை வீடு. ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

வாஷிங்கும் இன்ஸ்பெக்‌ஷனும் சேர்ந்து ஒரு செக்‌ஷன். பதினோரு பேர், அத்தனையும் பெண்கள். பர்சனல் ஆபீசர் முனிவேல் பேர் எழுத வந்தபோது பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேடையேறுவதே கூச்சம், அதிலும் பேயாகவா? அந்த நேரம் பார்த்து மிஷின் ஷாப்பிலிருந்து ஒருவன் உரக்கச் சொன்னான்: "நாங்க பெங்களூர்ல இருந்து டிராமா மேக்கப் மேன வரவழைக்கறோம் சார். இவங்க மூஞ்சில மாவு பூசிகினு வந்து நிப்பாங்க. இல்லாட்டி, ரோஷனம்மா மேக்கப்பே இல்லாம வரட்டும்."

சிரிப்பு எழுந்தது. ரோஷன் பீக்குக் காது சூடாகியது.

"என் பேரு எழுதிக்கங்க சார்," என்றாள் ஜோதியம்மாள். "ஜோதியம்மாள், வாஷிங்கு. மேக்கப்பு ரோஷன் பீ."

"அக்கா!"

"சும்மா இரு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சி பருப்பு வேவறதுக்குள்ள பஸ்ஸு போயிருது எனக்கு. அந்தக் குக்கரு எனக்கு வேணும்."

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. ரோஷன் பீயின் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா சந்தை சந்தையாகப் போய் வளையல், பவுடர், சீப்பு விற்பவர். மூட்டையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவும் ஒரு வாசலின் டப்பாவும் எடுத்து நீட்டினார். "பேய்னா வெள்ளையா இருக்கணும். பூசிவிடு" என்றார்.

பூசினாள். கண்ணைச் சுற்றி மை அப்பினாள். ஜோதியம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்க சின்ன மாமியா கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்குது" என்றாள். பாஷா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் கோதுமை மாவைப் பசையாகக் காய்ச்சிப் பூசிப் பார்த்தார்கள். காய்ந்ததும் பொத்துப் பொத்தென்று மடியில் விழுந்தது. அடுத்து மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தாள் ரோஷன். ஆரத்தித் தண்ணீர் போல ரத்தச் சிவப்பு கிடைத்தது. தன் கையில் முதலில் தடவிப் பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் சுருசுருவென்று அரித்தது. "இது துணிக்கு மட்டும்தான். மூஞ்சில வைக்க மாட்டேன்" என்று எடுத்து வைத்துவிட்டாள்.

அப்படிக் கையைக் கழுவும்போதுதான் முன்கையில் இருந்த பழைய தழும்பு அவள் கண்ணில் பட்டது. இரண்டு வருஷம் முன்பு நோன்பு நாளில் சமோசா பொரிக்கையில் எண்ணெய் தெறித்துக் கொப்பளித்த இடம். கம்பெனி லென்ஸ் பையில்தான் இருந்தது. விளக்கடியில் உட்கார்ந்து தன் தழும்பையே உற்றுப் பார்த்தாள். வெந்த தோல் எப்படிச் சுருங்கும், ஓரம் எப்படிக் கறுக்கும், நடுவில் எப்படிப் பளபளக்கும் என்று ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. இதுவரை கோளாறைக் கண்டுபிடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு கோளாறை உண்டாக்க வேண்டும் என்று நினைத்ததும் உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

"அக்கா, வெள்ளப் பேயெல்லாம் வேணாம். தீயில வெந்து செத்த பேய். அதான் நீங்க."

"எதுவா இருந்தா என்ன, பயந்தா சரி."

அதற்குப்பின் அந்த வீட்டுச் சமையலறையில் எதுவும் சமையலுக்கென்று மிஞ்சவில்லை. முட்டை வெள்ளைக்கருவைத் தடவினால் காய்ந்து தோலை இழுத்துச் சுருக்குகிறது என்று கண்டுபிடித்தாள். வெங்காயத்தை உரிக்கும்போது அடுக்குக்கு அடுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு வருமே, அதை வெள்ளைக்கருவின் மேல் ஒட்டினால் அசல் கொப்புளம். ராகி மாவை வாசலினில் குழைத்தால் பிதுங்கிய சதை. காப்பித்தூளைத் தூவினால் கரிந்த ஓரம். வெல்லப்பாகில் குங்குமத்தைக் கரைத்தால் ரத்தம்; அது ஓடி வடியாமல் சொட்டாகவே நிற்கும். பாஷா அந்த ரத்தத்தை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "ஏலக்கா போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை பார்க்கலாமென்றால் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டேன் என்று ஜோதியம்மாள் ஒரே பிடிவாதம். "திங்கத்தான போறதில்ல" என்று ரோஷன் சொல்லிப் பார்த்தாள். "மூஞ்சில இருந்தா வாய்க்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் ஜோதியம்மாள்.  ஒத்திகை இல்லாமலே சனிக்கிழமை வந்தது.

விழா மூன்று மணிக்கு. பூசிக் காய மூன்று மணி நேரமாவது வேண்டும். கம்பெனியில் அதற்கு வசதி கிடையாது. ஆகவே வீட்டிலேயே பூசிக்கொண்டு பஸ்ஸில் போவதென்று முடிவு. காலை ஒன்பதரைக்குப் பூச்சுக்கு உட்கார்ந்த ஜோதியம்மாள் பன்னிரண்டரைக்குத்தான் எழுந்தாள். வாஷிங்கில் கட்டுகிற பழைய சேலையையே ஜோதியம்மாள் கட்டியிருந்தாள். எத்தனை துவைத்தாலும் மண்ணெண்ணெய் வாடை போகாத சேலை. ரோஷன் அதில் ஊதுபத்தியால் அங்கங்கே பொத்தல் போட்டு, சுண்ணாம்பு மஞ்சளைத் தெளித்திருந்தாள்.

முடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். இடது கன்னம் வெந்து உரிந்து தொங்கியது. நெற்றியில் கொப்புளங்கள் மினுங்கின. வலது கண் பாதி மூடிக் கிடந்தது. கீறல் தேடும் கண்ணால் மேலும் கீழும் ஆராய்ந்தாள். ஒரு இடத்திலும் ஓரம் தெரியவில்லை.

"அல்லா!" என்றார் வாசலில் வந்து நின்ற பாஷா. நிலைப்படியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க," என்றாள் ரோஷன். "வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா மூஞ்சி மொத்தமும் வெடிச்சிரும். மேடையேறி எறங்கற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது. குக்கரு வேணும்னா பேசக் கூடாது."

ஜோதியம்மாள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

பஸ்ஸில் யாரும் மிரளக் கூடாதே என்று ரோஷன் தன்னுடைய கறுப்பு புர்காவை அவளுக்குப் போட்டு, முகத்திரையையும் இறக்கிவிட்டாள். சூளகிரி நிறுத்தத்தில் ஏறி மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் ஜோதியம்மாள், நடுவில் ரோஷன், இந்தப் பக்கம் தக்காளிக் கூடையோடு ஒரு அம்மாள். பேர் பாப்பம்மா என்று அவளே சொன்னாள். ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகிறாளாம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் பேசுகிற ஆள். பேச்சு நிற்கவே இல்லை.

"உங்கூட வந்தவங்க ஏன் பேச மாட்டேங்கறாங்க?"

"அவங்களுக்குத் தொண்ட சரியில்லீங்க."

"மண்ணெண்ண வாசன வருதே?"

"பஸ்ஸு டீசலா இருக்கும்."

சானமாவுக் காட்டுக்குள் சாலை இறக்கமாக இறங்கியது. டிரைவர் வேகமெடுத்தார். ஜன்னலுக்குள் காற்று புகுந்து முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டது.

கன்னடமும் தமிழுமாகப் பாப்பம்மா போட்ட சத்தத்தில் பஸ்ஸே குலுங்கியது. "அய்யோ தேவரே! ஏனம்மா இது! மூஞ்சி பூரா வெந்துகெடக்குதே!"

எல்லாரும் எழுந்தார்கள். முன் சீட்டில் இருந்த பெரியவர், "யான மிதிச்சிருச்சா?" என்று கேட்டார். அவருக்குக் காட்டைப் பார்த்தாலே யானை ஞாபகம். கண்டக்டர் விசில் ஊத, பஸ் ஓரங்கட்டி நின்றது.

"ஒண்ணுமில்லீங்க! மேக்கப்புங்க! கம்பெனில பேய் வேசப் போட்டி!" என்று ரோஷன் இரண்டு கையையும் விரித்தாள்.

ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? வெந்த முகம், புர்காவுக்குக் கீழே பொத்தல் விழுந்த சேலை, குப்பென்று மண்ணெண்ணெய். போதாக்குறைக்கு முகத்தை மூடி அழைத்துப்போகிற ஒரு பெண்.

"பேய் வேசமாம்! கத உடறா," என்றாள் பாப்பம்மா. அவள் கண் சிவந்துவிட்டது. "யாரு கொளுத்துனது சொல்லும்மா. மாமியாளா? புருசனா? பயப்படாத, நாங்க இத்தன பேரு இருக்கறோம்."

"அக்கா, நீங்களே சொல்லுங்க. பேசுங்க அக்கா!" ரோஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஜோதியம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். சொன்ன சொல் தவறாதவள். குக்கர் வேண்டுமென்றால் பேசக் கூடாது.

"ம்ம்… ம்ம்ம்" என்று மட்டும் தொண்டைக்குள் முனகினாள்.

"பாத்தீங்களா, பேசக்கூட முடியல பாவம்! பயத்துல நடுங்கறா!" என்று பின் சீட்டில் யாரோ விம்மினார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு பெண் விசிறினாள். இன்னொருத்தி ரோஷனை முறைத்து, "நீ தள்ளி நில்லு" என்றாள். கண்டக்டர் டிரைவரிடம் ஓடினார். "எங்கயும் நிறுத்தாத. டவுனுக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்குது, நேரா அங்க உடு!"

பேரண்டப்பள்ளி நிறுத்தத்தில் கை காட்டிய ஏழெட்டுப் பேரைத் தாண்டி, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, அந்தப் பஸ் அன்றைக்குப் பறந்தது. ரோஷனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை பேர் தன்னை நம்பவில்லை என்ற ஆத்திரம் ஒருபக்கம். தன் கைவேலையை இத்தனை பேர் நம்புகிறார்களே என்ற பெருமை மறுபக்கம். முன்பின் தெரியாத ஒருத்திக்காக முப்பது பேர் இப்படிப் பதறுகிறார்களே என்ற வியப்பு இன்னொரு பக்கம்.

ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் ஜோதியம்மாளைத் தாங்கி இறக்கினார்கள். பாப்பம்மா தக்காளிக் கூடையோடு தானும் இறங்கிவிட்டாள். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன். இந்தப் பொண்ண இவகிட்ட உட்டுட்டுப் போவ மாட்டேன்" என்று ரோஷனைக் காட்டினாள். பஸ் கிளம்பிப் போயிற்று.

நர்ஸ் சென்னம்மாள் ஐம்பதைத் தொட்டவள், பதற்றமே இல்லாதவள். கட்டிலில் உட்கார வைத்து, புர்காவைக் கழற்றி, சுடுதண்ணீரில் பஞ்சை நனைத்து, வலது கன்னத்தை மெல்லத் துடைத்தாள். பஞ்சைப் பார்த்தாள். இன்னொரு தடவை துடைத்தாள். குனிந்து முகர்ந்தாள்.

"ஏம்மா, இது வெங்காயமா?"

"ஆமாங்க," என்றாள் ரோஷன் உயிர் வந்தவளாக. "வெங்காயத்தோலு, முட்ட, வெல்லம், ராகி மாவு. அப்ப இருந்து அதத்தான் சொல்றேன், ஒருத்தரும் கேக்கல."

நர்ஸ் நோயாளியின் முகத்தைப் பார்த்தாள். நோயாளி ஒற்றைக் கண்ணால் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், பர்ன்ஸ் கேஸ்னாங்களே?" என்றார். "கொழம்புக்கு வேண்டியதெல்லாம் மூஞ்சில இருக்குது டாக்டர், தாளிக்கத்தான் இல்ல," என்றாள் நர்ஸ்.

பாப்பம்மா கட்டிலருகே வந்து, ஜோதியம்மாளின் இடது கன்னத்தில் ஒரு விரலை வைத்து, வழித்து, வாயில் வைத்துப் பார்த்தாள். "வெல்லம்!" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு ரோஷன் பக்கம் திரும்பி, "அடிப்பாவி, நீ நெசந்தான் சொல்லியிருக்கற. ஒன்ன என்னென்னமோ பேசிட்டனே" என்றாள்.

"பரவால்லீங்கம்மா. ஆனா மணி ரெண்டாவுது. பாதி மூஞ்சி போச்சு."

வலது பாதி சுத்தமாகத் துடைத்துவிடப்பட்டு, ஜோதியம்மாளின் சொந்தக் கன்னம் தெரிந்தது. இடது பாதி அப்படியே வெந்து கிடந்தது. மறுபடி மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது? ஜோதியம்மாளின் நல்ல கண்ணில் நீர் கோத்தது. பருப்பு நினைவு வந்திருக்கும்.

ரோஷன் லென்ஸை எடுத்து அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு லென்ஸ் இல்லாமல் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். ஒரு பக்கம் நல்ல மனுஷி, ஒரு பக்கம் வெந்த பேய். காலையில் செய்ததைவிட இது குலை நடுங்க வைத்தது. இந்த நல்ல பாதியைத் திறந்து காட்டாமல் மறைத்து வைத்து, திடுமென்று காட்டினால்?

"சிஸ்டர், கட்டுத்துணி கொஞ்சம் கெடைக்குமா?"

"கட்டுத்துணி என்ன, ஊதா மருந்தே தர்றேன்," என்றாள் சென்னம்மாள். அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. காலாவதியாகி ஒதுக்கி வைத்திருந்த கட்டுத்துணிச் சுருள், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து, பஞ்சு எல்லாம் வந்தன. நிஜப் புண்ணை முப்பது வருஷம் பார்த்தவள் அல்லவா? "ஓரத்துல ஊதா வெச்சா சதை செத்த மாதிரி இருக்கும். இங்க வெய்யி. கண்ணுக்குக் கிட்ட வேணாம்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். பாப்பம்மா கூடையில் நல்ல பழுத்த தக்காளியாகப் பொறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத் தோலை உரித்துத் தந்தாள். அதைத் தாடையோரம் ஒட்டவிட்டதும், சதை கிழிந்து தொங்குவது போலவே ஆடியது. தக்காளிச் சாறு கட்டுத்துணியில் பரவி ரத்தம் கசிந்தது. நல்ல பாதி மொத்தமும் கட்டுக்குள் போயிற்று.

மூன்று மணியைத் தாண்டித்தான் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். பாப்பம்மாவை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "யோவ், பர்ஸ்ட் எய்டு!" என்று கத்திக்கொண்டே கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார். "பர்ஸ்ட் எய்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேய்க்கு வழி உடு," என்றாள் பாப்பம்மா.

உள்ளே பந்தலில் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஸ்டோர்ஸ் ஆள் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு வந்து தடுக்கி விழுந்திருந்தான். பெயின்ட் ஷாப் ஆள் கறுப்புப் பனியனில் எலும்பு வரைந்து வந்திருந்தான். விலா எலும்பு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. மேடையில் நின்றது மிஷின் ஷாப்பின் அரக்கன். பெங்களூர் மேக்கப் மேன் கைவண்ணம்: கொம்பு, கோரைப்பல், செம்பட்டைத் தாடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பயப்படவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன், வாஷிங் செக்‌ஷன் வரல. அடுத்து பரிசு…" என்று முனிவேல் மைக்கில் சொல்லும்போது ஜோதியம்மாள் பந்தலுக்குள் நுழைந்தாள்.

மேடைக்குப் பின்பக்கமாகப் போக நேரமில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். அது ரோஷன் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவளாகச் செய்தது. அவள் கடந்து போன வரிசைகளில் பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைப் பிரிக்க மறந்தார்கள். முன்வரிசையில் நடுவராக உட்கார்ந்திருந்த வெளிநாட்டு என்ஜினீயர் துள்ளி எழுந்து, ஏதோ சொல்லிக்கொண்டே முதலுதவிப் பெட்டியை நோக்கி ஓடினார். மேடையில் நின்ற அரக்கன் இரண்டடி பின்வாங்கினான்.

ஜோதியம்மாள் மேடையேறித் திரும்பினாள். கட்டைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஊரறிந்த அவளுடைய சொந்த முகத்தின் பாதி எட்டிப் பார்த்தது. அந்தப் பாதி சிரித்தது. வெந்த பாதி அசையவே இல்லை.

பந்தலே அலறியது. முனிவேல் மைக்கைக் கீழே போட்டார்.

"சார்," என்றாள் ஜோதியம்மாள், திறக்க முடிந்த பாதி வாயால், "குக்கரு எப்ப தருவீங்க?"

 எழுந்த சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரமாயிற்று. முதலுதவிப் பெட்டியோடு திரும்பி வந்த என்ஜினீயரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார்.

குக்கரை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்ட ஜோதியம்மாள் கீழே கிடந்த மைக்கையும் எடுத்துக்கொண்டாள். "என்னப் பேயாக்குனது எங்க ரோஷன் பீ. எல்லாம் அடுப்படி சாமானு. பெங்களூரு கெடையாது," என்றாள். பின்னால் நின்ற ரோஷனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாப்பம்மா முதுகில் ஒரு தட்டுத் தட்டி முன்னால் தள்ளினாள்.

விருந்து சாப்பாடு நடக்கும்போது பெங்களூர் மேக்கப் மேன் தேடிக்கொண்டு வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். "நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்ம்மா. அந்தக் கொப்புளம் மாத்திரம் எனக்குப் புரியல. எந்தக் கம்பெனி பேப்பர்?"

"வெங்காயத்தோலுங்க. உள் சவ்வு."

 அவர் கீழே உட்கார்ந்து, "ஒட்டறதுக்கு?" என்று கேட்டார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வெள்ளைக்கரு எவ்வளவு காய வேண்டும், ராகி மாவு ஏன் கோதுமையைவிட நல்லது, சுண்ணாம்பு ஏன் ஆகாது, எல்லாவற்றையும். அவர் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கம் பாப்பம்மாவின் கூடையை மேனேஜர் வீட்டம்மா மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டுவிட்டார். ரோஷன் அதற்கு முன்பே நாலு பழத்தை ஒதுக்கி வைத்திருந்தாள், திரும்பிப் போவதற்குள் எதற்காவது வேண்டியிருக்கும் என்று. அது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் பந்தல் கலையும் நேரம், மிஷின் ஷாப் ஆள் ஒருவன் மெல்ல அருகில் வந்தான். அன்றைக்குப் பேர் எழுதும்போது கேலி செய்தவனேதான். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக் கையை நீட்டினான்.

"மேடம், இதுல ஒரு வெட்டு போட்டுத் தர முடியுமா? வீட்ல தம்பிய பயமுறுத்தணும்."

ரோஷன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பையிலிருந்து, காலையில் மிஞ்சிய சாமான்களையும் வெல்லப்பாகு டப்பாவையும் எடுத்தாள். ராகி மாவில் இரண்டு கரை கட்டி, நடுவில் பாகை ஊற்றி, ஓரத்தில் காப்பித்தூள் தூவினாள். ஐந்தே நிமிஷம். அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யப்பா!" என்றான். அதைப் பார்த்து இன்னொருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் ஸ்டோர்ஸ் ஆள். அவனுக்குப் பின்னால், தாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த அரக்கன், நெற்றியில் ஒரு காயம் கேட்டு. பெஞ்சிலிருந்து பந்தல் கால்வரை வரிசை நீண்டது. ஜோதியம்மாள் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, "வரிசையா வாங்க, இடிக்காதீங்க, ஆளுக்கு ஒரு காயந்தான்" என்று பாதி முகத்தோடு சத்தம் போட்டாள். மேக்கப் மேன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தக்காளித் தோல் உரித்துத் தந்தார்.

சாமான் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. வரிசையும் முடிந்தது என்று ரோஷன் நிமிர்ந்தபோது கடைசியாக ஒருவர் நின்றிருந்தார். பர்சனல் ஆபீசர் முனிவேல். ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெருசா வேணாம்மா. சின்னதா ஒண்ணு. நாளைக்கு மாமனார் வீட்ல கெணறு தூர் வாரக் கூப்பிட்டிருக்காங்க. கட்டை வெரல்ல இருந்தா போதும். ஆனா நம்பணும்."

ரோஷன் டப்பாவின் அடியைச் சுரண்டினாள். இன்னும் ஒரு காயத்துக்கு இருந்தது.

"எந்தக் கை சார்?" என்றாள்.